தெற்கு மூலை வெயில்

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு மாசி மாதம். அப்போது நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திருவனந்தபுரம் என்று சொன்னாலே எங்கள் ஊரில் எல்லோரும், தினமும் காலையில் பத்மநாபசுவாமி கோபுரத்தைப் பார்த்துத்தான் பல் துலக்குகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நாங்கள் இருந்தது கழக்கூட்டத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போய், இறங்கி, ஒரு ரப்பர் தோட்டத்தைக் கடந்து நடக்க வேண்டிய கிராமம். என் கணவருக்குக் கழக்கூட்டத்து ஐ.டி. வளாகம் ஒன்றில் ஏ.சி. பராமரிப்பு வேலை. அங்கேயே வீடு எடுக்க எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இந்தக் கிராமத்தில், ஒரு பெரிய வீட்டின் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் குடியேறினோம்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரி. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்து வளர்ந்தவள். இங்கே கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் நம் முகத்தைக் காட்டியது. முதல் வாரம் பழக்க தோஷத்தில் அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்து வைத்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மோளே, வெள்ளத்தைப் பிடிச்சு வச்சா கொசுகாணு வளரும்" என்றார். மோள் என்றால் மகள், வெள்ளம் என்றால் தண்ணீர்.

தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது, வெயில் கஷ்டம் வந்தது. வளாகம் முழுக்கப் பலா, மா, தேக்கு, தென்னை. தரையில் வெளிச்சம் விழுந்தால் அதிசயம். துவைத்த துணி மூன்று நாள் காயாது. நான்காம் நாள் காய்ந்த மாதிரி ஏமாற்றும். மடித்து வைத்தால் ஐந்தாம் நாள் ஒரு வாடை அடிக்கும். என் கணவரின் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை பூத்து, அவர் அதைத் துடைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நத்தைகள் ஏறும். "ஏங்க, ராத்திரி கதவைச் சாத்திப் படுத்தது நமக்கா, இதுகளுக்கா?" என்று கேட்பேன். ஊரில் இருந்த என் அம்மாவோடு போனில் பேசும்போது இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். போனை வைத்த பிறகு அழுவேன். கணவர் காலை ஏழு மணிக்குப் போனால் இரவுதான் வருவார். நடுவில் ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாது. மாதம் ஒரு முறை கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறி, பக்கத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் அரிசியும் சாமானும் வாங்கப் போவோம். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் தமிழில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மனுஷி வீட்டுக்கார அம்மாதான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை. மகள் எர்ணாகுளத்தில். ஒரே மகன் நாங்கள் குடிவருவதற்கு முந்தின வருஷம் பைக் விபத்தில் போய்விட்டான். கூடத்தில் அவன் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன சிவப்பு பல்ப் எப்போதும் எரியும். இருபத்தாறு வயதுப் பையன், சிரித்துக்கொண்டிருப்பான். அவனைப் பற்றி அவர் பேசியதில்லை. நாமாகக் கேட்டு அழ வைக்கக் கூடாது என்று நானும் கேட்டதில்லை.

தினமும் பத்து மணிக்கு அவர் தம் சமையலறைப் படியில் உட்காருவார். நான் என் படியில் உட்காருவேன். நடுவில் பத்தடி. அவர் மலையாளத்தில் தமிழைக் கலப்பார், நான் தமிழில் மலையாளத்தைக் கலப்பேன். இருவரும் கலந்தது போக மிச்சத்துக்குக் கை இருந்தது. எங்களுக்குள் ஒரு தட்டு போய்வந்துகொண்டிருந்தது. என் கல்யாணத்துக்கு எங்கம்மா கொடுத்த எவர்சில்வர் தட்டு, விளிம்பில் என் பெயர் வெட்டியது. நான் அதில் நான்கு பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்தால், மறுநாள் அது பலாச்சுளையோடு வரும். நான் சுண்டல் கொடுத்தால் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையலும் வரும். ஒன்றும் இல்லாத நாளில் நான்கு செம்பருத்திப் பூவாவது கிடக்கும். அது ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தட்டுக்காகவே நான் காலையில் எழுந்த நாட்கள் உண்டு.

அந்த மாசியில் மகளுக்குப் பிரசவம் என்று அவர் எர்ணாகுளம் கிளம்பினார். சாவியை என் கையில் கொடுத்து, "எல்லாம் நீ நோக்கிக்கோ மோளே" என்றார். மூன்று வாரம். வீட்டைச் சுற்றிப் பெருக்குவது, படத்துக்கு முன்னால் பல்ப் அணைந்துவிடாமல் பார்ப்பது, வாழைக்குலை பழுத்தால் வெட்டுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. அவர் திரும்பி வரும்போது அசந்து போகிற மாதிரி ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போதுதான் அந்தத் தெற்கு மூலை கண்ணில் பட்டது. வளாகத்திலேயே மரம் இல்லாத இடம் அது ஒன்றுதான். மாசி மாதத்தில் காலை எட்டு மணிக்கு விழுகிற வெயில் மாலை நாலு மணி வரை நகராது. வீட்டுக்கார அம்மா காலையில் அங்கே போய்ச் சற்று நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முட்டிவலிக்கு வெயில் காய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். மழையடித்தாலும் அதைச் சாத்தமாட்டார். அதையும் நான் காற்றுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மூலையில் முழங்கால் உயரம் புல். புல்லுக்குள் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சேம்பு, நடுவில் இடுப்பளவு ஒரு தென்னம்பிள்ளை. ஓலையெல்லாம் மஞ்சளடித்து, பாவமாக நின்றது.

எனக்கு மூளை வேலை செய்தது. இவ்வளவு வெயிலை வைத்துக்கொண்டா ஒன்றரை வருஷமாக ஈரத்துணி உடுத்தினேன்? இதைச் சுத்தம் செய்தால் துணி காயும். அதைவிட, வற்றல் போடலாம்! கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வற்றல் பிழிந்ததில்லை. அவ்வளவுதான், மண்வெட்டியை எடுத்துவிட்டேன். புல்லைச் செதுக்கி, மஞ்சளையும் சேம்பையும் தோண்டி எடுத்துக் கூடையில் பத்திரமாக வைத்தேன். தென்னம்பிள்ளையை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. கரிசல்காட்டுக்காரிக்குத் தென்னை என்பது குழந்தை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தென்னை நின்றால் அது குளிக்கிற தண்ணீரில்தான் நிற்கும். அதைவிடச் செழிப்பான இடம் கிடையாது. அதனால் வேர் அறுபடாமல், மண்ணோடு சேர்த்து, இரண்டு நாள் மெனக்கெட்டுத் தோண்டினேன். என் கணவரும் ஞாயிற்றுக்கிழமை கை கொடுத்தார். தூக்கிக்கொண்டு வந்து எங்கள் குளியலறைத் தண்ணீர் விழுகிற இடத்தில் குழி எடுத்து நட்டோம். "இனிமே பாரு, ஒனக்கு ராஜ வாழ்க்கதான்" என்று அதனிடம் சொல்லக்கூடச் சொன்னேன். அன்று ராத்திரி இடுப்பு வலித்தாலும் மனசு நிறைந்து படுத்தேன்.

தெற்கு மூலையைச் சாணி தெளித்துக் கெட்டியாக்கினேன். பழைய வேட்டியை நனைத்து விரித்து, நான்கு நாள் தொடர்ந்து கூழ் வற்றல் பிழிந்தேன். காக்காய் வராமல் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு நாள் முழுவதும் காவல் இருந்தேன். மொறுமொறு என்று காய்ந்தது. எங்கள் ஊரில்கூட அப்படிக் காய்ந்ததில்லை. இரண்டு பெரிய டப்பா நிறைய எடுத்து வைத்தேன்.

அம்மா திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. ஆட்டோவிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டு, கால் கழுவி, தம் படியில் உட்கார்ந்தார். நான் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி எண்ணெயைக் காயவைத்து வற்றலைப் பொரித்து, அந்தத் தட்டில் குவித்துக் கொண்டுபோனேன். அங்கே வற்றலைக் கொண்டாட்டம் என்பார்கள். "ஆஹா, கொண்டாட்டம்!" என்று ஒன்றை எடுத்துக் கடித்தார். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"நல்லா உண்டு மோளே. இது எவிடெ ஒணக்கி? இவிடெ வெயிலே இல்லியே."

"நம்ம தெக்கு மூலையிலதாம்மா. வாங்க, எப்படி ஆக்கி வச்சிருக்கேன்னு வந்து பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். ஒரு கையில் தட்டு, வாயில் வற்றல். எவ்வளவு பெருமை எனக்கு!

அவர் அங்கே வந்து நின்றார். சுத்தமாக மெழுகிய தரையைப் பார்த்தார். பிறகு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவிடெ ஒரு தெங்கு நின்னுச்சே மோளே" என்றார்.

"அதுவா? வாடிப் போயிருந்துச்சும்மா. நான்தான் நல்ல எடமாப் பாத்து மாத்தி வச்சேன். எங்க குளிமுறி பக்கத்துல. இனிமே தண்ணிக்குக் கவலையே கெடையாது."

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். முட்டிவலிக்காரர், எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். அன்று எதையும் பிடிக்கவில்லை. கையை அந்த மெழுகிய தரையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "என்றெ மோனை இவிடெ வச்சாணு எரிச்சது. அது அவன்றெ தெங்கு."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. எங்கள் ஊரில் சுடுகாடு ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம். பெண்கள் அங்கே போவதே இல்லை. பிணம் போன தெருவில் தண்ணீர் தெளித்த பிறகுதான் அடுப்புப் பற்றவைப்போம். இங்கே இவர்கள் தங்கள் மனிதர்களைச் சொந்த வளாகத்துத் தெற்குப் பக்கத்தில் எரித்து, எரிந்த மண்ணைக் கிளறி, தென்னையும் மஞ்சளும் சேம்பும் நட்டு வளர்ப்பார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலைச் சாத்தாத காரணமும், காலையில் வந்து நின்ற காரணமும் அந்த நொடியில் விளங்கிவிட்டன.

அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் கணவருக்குக்கூட. வாயில் பாதி மென்ற வற்றல் இருந்தது. அதை நான் துப்பினேன்.

யோசித்துச் செய்யவில்லை. பிணம் எரித்த மண்ணில் காய்ந்தது என்று நினைத்ததுமே "தூ" என்று சத்தமாகவே வந்துவிட்டது. அவர் காலடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கையிலும் ஒரு துண்டு வற்றல் மிச்சம் இருந்தது. அதை வாயில் போட்டு, மெதுவாக மென்று, முழுவதும் விழுங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர்தான் பேசினார். "நான் முன்னே பறஞ்ஞிருக்கணும். பறஞ்ஞா நீங்க பயந்து போகும்னு நெனச்சு. முன்னே இருந்த தமிழ்க்காரங்க அப்படித்தான் போயி. என்றெ தெத்துதான்." தப்பு தம்முடையது என்கிறார்! நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஊற்றிய தண்ணீர் வெளியே அந்தத் தென்னையின் காலில்தான் போய் விழுகிறது என்பது சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது. அப்படியே நனைந்த சேலையோடு குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். டப்பாவில் மீதி இருந்த வற்றலை மறுநாள் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில் போய்க் கொட்டினேன்.

அன்று இரவு என் கணவரிடம் தென்னையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் திகைத்துப்போனார். "தெரியாமத்தான பண்ணுன. காலைல போய் திரும்பப் பிடுங்கி அங்கேயே நட்டுருவோம்" என்றார். விடிந்ததும் போய்க் கேட்டோம். அம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினார். "ரெண்டாமதும் எளக்கினா நிக்காது" என்றார். இரண்டாவது முறை பிடுங்கி நட்டால் பிழைக்காதாம். அதனால் அந்தப் பையனின் தென்னை எங்கள் குளியலறைச் சுவரோரத்திலேயே நின்றது. என் கணவர் பிளாஸ்டிக் குழாய் வாங்கி வந்து, குளிக்கிற தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார். நான் தினமும் இரண்டு வேளை கிணற்றிலிருந்து நல்ல தண்ணீராக இறைத்து ஊற்றினேன். பொழைச்சிரு, பொழைச்சிரு என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவேன். அம்மா பின்பக்க ஜன்னல் ஒன்றிலிருந்து பார்ப்பார். பத்து மணிக்குப் படியில் வந்து உட்காருவதை நிறுத்திவிட்டார். எதிரில் பார்த்தால் "ஊணு கழிஞ்ஞோ?" என்று சாப்பாட்டை விசாரிப்பார், அவ்வளவுதான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊரில் என் அம்மாவிடம் அந்தத் தெற்கு மூலையைப் பற்றி மட்டும் போனில் சொன்னேன். "மொதல்ல அந்த வீட்டக் காலி பண்ணு. தல முழுகுனியா? திருநீறு பூசுனியா?" என்று அவள் பதறினாள். எனக்கு எரிச்சல் வந்து போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டது என் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தின் இன்னொரு பாதி என்று தோன்றியது.

அடி ஓலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றது. அதைக் காட்டித்தான் நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் ஒரு காலையில் நான் வாளியோடு வந்தபோது அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவர் அன்றுதான் வந்தார். குனிந்து, குழந்தையின் முடியைத் தொடுகிற மாதிரி, அந்தக் குருத்தை இரண்டு விரலால் தொட்டுச் சற்றே இழுத்தார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. அடி அழுகி, ஒரு கெட்ட வாடை அடித்தது. தண்ணீர் அதிகமாகித்தான் அழுகியிருக்க வேண்டும். அதுவும் நான் ஊற்றிய தண்ணீர்தான்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைப் பிடித்தேன். "அம்மா, மன்னிச்சிருங்க. தெரியாமப் பண்ணிட்டேன்மா. தென்னைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்று என்னென்னவோ உளறினேன். "சாரமில்ல மோளே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். குனிந்து என்னைத் தூக்கவும் செய்தார். ஆனால் நான் மன்னிப்புக் கேட்டது தென்னைக்காக. துப்பியதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஒரு நிமிஷம் காத்திருந்த மாதிரி இருந்தது. அப்புறம் குருத்தை முந்தானையில் வைத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தெற்குப் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது, என் படியில் அந்தத் தட்டு இருந்தது. அன்று தெற்கு மூலையில் நான் போட்டுவிட்டு ஓடிவந்த அதே தட்டு. புளி போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, என் பெயர் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை. ஒரு பூகூட இல்லை.

இரண்டு மாதத்தில் நாங்கள், கட்டுப்படியாகாவிட்டாலும், கழக்கூட்டத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு மாறிவிட்டோம். கிளம்பும்போது சாவியைக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொண்டார், பத்திரமாக இருங்கள் என்றார். இப்போது எங்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. நாள் முழுக்க வெயில். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு மாசியும், "வாங்கக்கா, சேர்ந்து வற்றல் போடலாம்" என்று கூப்பிடுகிறாள். தலைவலி என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கிராமத்துப் பஸ் கழக்கூட்டம் சந்திப்பில் எங்கள் கண் முன்னால்தான் நின்று போகிறது. ஏறினால் முக்கால் மணி நேரம். இரண்டு முறை தட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்திப்பு வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். செத்துப்போன தென்னைக்கு இன்னொரு தென்னம்பிள்ளை வாங்கிக்கொண்டு போகலாம் என்று என் கணவர் சொல்கிறார். அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். நான் துப்பியதற்கு ஈடாக அந்தத் தட்டில் எதை வைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.